மரத்தூளும் பனிக்கட்டியும்

சென்னையில் கடற்கரைச் சாலை வழியே திருவல்லிக்கேணிப் பக்கம் செல்பவர்கள், கடலை நோக்கி நிற்கும் வட்ட வடிவமான ஒரு கட்டடத்தைக் கண்டிருப்பார்கள். சுவாமி விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய 1897-ஆம் ஆண்டில் சில நாட்கள் தங்கியிருந்த இடம் அது. அதனால் இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்பது பெயர். ஆயினும் அந்தப் பகுதியை மக்கள் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கிறார்கள். காரணம், 1842-ஆம் ஆண்டில் அக்கட்டடம் எழுப்பப்பட்டது மனிதர் தங்குவதற்காக அன்று, பனிக்கட்டி தங்குவதற்காக. அந்தப் பனிக்கட்டி சென்னையில் செய்யப்பட்டதும் அன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்து, அறுத்தெடுக்கப்பட்டு, பாய்மரக் கப்பலில் ஏறி, நான்கு மாத காலம் கடலில் மிதந்து இங்கே வந்து சேர்ந்தது.

சூயஸ் கால்வாய் அந்நாளில் வெட்டப்படவில்லை. கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வரும் வழியில் பூமத்திய ரேகையை இருமுறை கடக்கவேண்டும். குளிர்பதன இயந்திரம் ஏதும் கப்பலில் இல்லை. அப்படியிருந்தும் பனிக்கட்டி பனிக்கட்டியாகவே வந்து சேர்ந்தது. இது எப்படி இயன்றது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் இருநூறு ஆண்டுக்கால விஞ்ஞான வரலாறு நம் முன்னே விரிகிறது. அந்த வரலாற்றைத்தான் மாணவர்களாகிய உங்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன் என் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு சோடாக் கடை இருந்தது. கடைக்காரர் நாள்தோறும் காலையில் ஒரு பெரிய பனிக்கட்டிப் பாளத்தை வாங்கி, ஒரு மரப்பெட்டிக்குள் மரத்தூளைப் பரப்பி, அதன்மேல் பாளத்தை வைத்து, சுற்றிலும் மரத்தூளைத் திணித்து, மேலே சாக்கைப் போர்த்தி மூடுவார். எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. குளிருக்குத்தானே கம்பளி போர்த்துகிறோம்? போர்த்தினால் சூடு ஏறும் அல்லவா? பின் ஏன் பனிக்கட்டியைப் போர்த்தி வைக்கிறார்? ஒரு நாள் நடுப்பகலில் அவர் உணவுக்குச் சென்றிருந்தபோது, கடையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னை உட்கார்த்தி வைத்தார். நல்ல கோடை வெயில். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அவருக்கு உதவி செய்வதாக எண்ணி, ஒரு குடம் தண்ணீரை மரத்தூளின்மேல் கொட்டிக் குளிரச் செய்தேன். மாலைக்குள் பாளம் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. அன்றைய வியாபாரம் அவருக்குப் போயிற்று. அவர் என்னை அடிக்கவில்லை. "தம்பி, தூள் காய்ந்திருக்கிறவரைதான் அது வேலை செய்யும். நான் தினமும் அதை வெயிலில் உலர்த்துவதை நீ பார்த்ததில்லையா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னதன் முழுப்பொருள் எனக்குக் கல்லூரியில் பௌதிகம் படிக்கும்போதுதான் விளங்கிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் 1806-ஆம் ஆண்டில் 130 டன் பனிக்கட்டியை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். ஊரார் நகைத்தனர். அவர்கள் நகைத்ததிலும் ஓரளவு நியாயம் இருந்தது. பனிக்கட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதைச் சேமித்து வைக்க அத்தீவில் கிடங்கு இல்லை. கப்பலில் இருந்தபடியே விற்கவேண்டியிருந்தது. விற்று முடிவதற்குள் உருகிற்று. டியூடருக்கு நட்டம், பின்னர்க் கடனுக்காகச் சிறைக்கும் போனார். எனினும் அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். பனிக்கட்டியைக் கொண்டுபோவது பாதி வேலைதான். வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதே மீதி வேலை. 1816-ஆம் ஆண்டில் கியூபாவின் ஹவானா நகரில் அவர் ஒரு கிடங்கு கட்டினார். வைக்கோல், மரச்சீவல், கம்பளி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ந்தார். காலப்போக்கில் அவருடைய தொழிலில் நிலைபெற்றது மரத்தூள். மர அறுப்பு ஆலைகள் வேண்டாமென்று வெளியே கொட்டிக்கொண்டிருந்த குப்பை அது.

1833-ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. செப்டம்பரில் அது வந்தடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பம்பாய்க்கும் சென்னைக்கும் இந்த வாணிகம் பரவிற்று. தோரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1846-47 குளிர்காலத்தில் தம் குடிலின் அருகே இருந்த வால்டன் குளத்தில் ஆட்கள் பனிக்கட்டி அறுப்பதைக் கண்டார். 1854-இல் வெளிவந்த தம் நூலில், அந்தக் குளத்து நீரைச் சென்னை மக்களும் பருகுவதாக எண்ணி மகிழ்கிறார். அறுத்தவர் ஒரு கண்டத்தில், பருகியவர் மற்றொரு கண்டத்தில். இடையே நின்று காத்தது ஆலைக் குப்பை.

மரத்தூளுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? டியூடருக்கு இது அனுபவத்தால் தெரிந்தது. ஆனால் காரணத்தை அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொருவர் தேடத் தொடங்கிவிட்டார். அவரும் மாசச்சூசெட்ஸ்காரரே. பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள ஊபர்ன் என்னும் ஊரில் 1753-ஆம் ஆண்டு பிறந்த பெஞ்சமின் தாம்சன். ரம்போர்டு பிரபு என்று பின்னாளில் புகழ்பெற்றவர். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றமையால் தாய்நாட்டை விட்டு நீங்கியவர். ஜெர்மனியில் பவேரிய அரசின் படைத்துறையில் பெரும் பொறுப்பு ஏற்றவர். படைவீரர்களுக்கு எத்தகைய ஆடை கதகதப்பாக இருக்கும் என்பதை அவர் அறிய விரும்பினார். அவருடைய சோதனை மிக எளியது. நீங்கள் கூட உங்கள் பள்ளியில் செய்து பார்க்கலாம்.

ஒரு வெப்பமானியின் குமிழைச் சற்றுப் பெரிய கண்ணாடிக் கோளத்தின் நடுவில் தொங்கவிட்டார். இடையிலுள்ள வெளியில் ஏதேனும் ஒரு பொருளைச் சுமார் ஒரு கிராம் எடைக்கு நிரப்பினார். கருவியைக் கொதிநீரில் சூடாக்கிப் பின் பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்தினார். வெப்பநிலை ஏறத்தாழ 87 பாகையிலிருந்து 12 பாகை சென்டிகிரேடுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணினார். வெறுங்காற்று மட்டும் இருந்தபோது 576 வினாடி ஆயிற்று. பஞ்சை நிரப்பியபோது 1046, ஆட்டுமயிருக்கு 1118, வாத்தின் மெல்லிறகுக்கு 1305, முயல்மயிருக்கு 1315.

அடுத்து அவர் செய்ததுதான் கூர்மையான காரியம். பட்டு என்னும் ஒரே பொருளை மூன்று வடிவங்களில் நிரப்பிப் பார்த்தார். கச்சாப்பட்டு 1284 வினாடி தாங்கியது. பட்டுத் துணியைப் பிரித்தெடுத்த இழைகள் 1169 வினாடி தாங்கின. முறுக்கிய தையல் பட்டு நூலைத் துண்டு துண்டாக நறுக்கி நிரப்பியபோது 917 வினாடிதான். பொருள் ஒன்று, எடையும் ஒன்று, ஆனால் விளைவு வேறு. ஆகவே வெப்பத்தைத் தடுத்தது பட்டு என்று மட்டும் சொல்வதற்கில்லை. இழைகள் எவ்வளவு மெல்லியவை, அவை காற்றை எவ்வளவு நுட்பமாகப் பங்கிட்டுப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதே முக்கியம். இழைகள் இல்லாதபோது காற்று சூடாகி மேலே எழும். குளிர்ந்து கீழே இறங்கும். அந்தச் சுழற்சியோடு வெப்பமும் பயணம் செய்யும். இழைகள் புகுந்தால் காற்று ஓட இடமின்றி நின்றுவிடும். இக்கட்டுரைகளுக்காக 1792-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

ரம்போர்டு இதிலிருந்து ஒரு படி மேலும் சென்று வழுக்கிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். காற்றும் நீரும் வெப்பத்தைச் சிறிதும் கடத்துவதில்லை, ஓடிச் சென்று சுமந்து செல்வது மட்டுமே உண்டு என்று அவர் முடிவு கட்டினார். அது பிழை. அசையாத காற்றும் வெப்பத்தைக் கடத்தவே செய்கிறது. ஆனால் மிகச் சிறிதளவே கடத்துகிறது. பிழையான முடிவு சரியான சோதனையை அழித்துவிடவில்லை. வினாடிக் கணக்கு ஏட்டில் இருந்தது. பின்வந்தோர் முடிவைத் திருத்திக்கொண்டார்கள்.

1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பூரியே வெப்பக் கடத்தலைக் கணித உருவில் அமைத்தார். அதன்பின் ஒவ்வொரு பொருளின் கடத்துதிறனையும் ஓர் எண்ணால் குறிக்க முடிந்தது. அசையாத காற்றின் கடத்துதிறனை 1 என்று கொள்வோம். அப்படியானால் தக்கைக்கு ஏறத்தாழ ஒன்றரை, நீருக்கு 23, கண்ணாடிக்கு 40 அளவில், பனிக்கட்டிக்கு 80-க்கும் மேல், செம்புக்கு 15,000. இந்த வரிசையைப் பார்த்தவுடனே சோடாக் கடையில் நான் செய்த தவறு உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். மரத்தூளின் துளைகளிலும் இடைவெளிகளிலும் இருந்த காற்றை விரட்டிவிட்டு, அதைப்போல் 23 மடங்கு கடத்தும் நீரை அங்கே குடியேற்றினேன். பெட்டியின் மேற்புறம் குளிர்ந்தது உண்மை. ஆனால் வெளியிலிருந்த வெப்பம் உள்ளே செல்ல நான் பாதை அமைத்துக் கொடுத்துவிட்டேன். வெப்பக் காப்புப் பொருள்களை ஈரத்திலிருந்து காக்கவேண்டும் என்று பொறியியலார் இன்றும் வற்புறுத்துவது இதனாலேதான்.

துளைகள் மிகுந்தால் கடத்துதிறன் எவ்வளவு குறையும்? இதற்கு வழிகாட்டியவர் ஸ்காத்லாந்து அறிஞர் மேக்ஸ்வெல். 1873-இல் வெளியிட்ட மின்னியல் நூலில், ஒரு பொருளுக்குள் வேறொரு பொருளின் சிறு உருண்டைகள் பரவிக் கிடந்தால் மின்சாரம் எப்படிப் பாயும் என்று அவர் கணக்கிட்டார். அதே கணக்கு வெப்பத்துக்கும் பொருந்தும். உருண்டைகளுக்குப் பதிலாக வெற்றுத் துளைகள் என்று கொள்க. பொருளில் பாதி துளையாகிவிட்டால் கடத்துதிறனும் பாதியாகும் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறன்று, அது நூற்றுக்கு 40 ஆகிவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு துளையானால், நூற்றுக்கு 7 அளவே எஞ்சுகிறது. துளை இடத்தை மட்டும் அடைப்பதில்லை. வெப்பத்தை நேர்வழியே போகவிடாமல் சுற்றுவழியில் அனுப்புகிறது. ஊருக்குள் பல குளங்கள் இருந்தால் வழிப்போக்கன் ஒவ்வொன்றையும் சுற்றித்தானே போகவேண்டும்? அதுபோலத்தான் இது. உண்மையில் துளைக்குள் காற்று இருப்பதால் இக்குறைவு சற்று மட்டுப்படும். ஆயினும் போக்கு இதுவே.

அப்படியானால் துளைகளை மிகுத்துக்கொண்டே போகலாமா? கூடாது. பொருளைத் தளர்த்திக்கொண்டே போனால் துளைகள் பெரிதாகின்றன. பெரிய துளைக்குள் காற்று மீண்டும் சுழலத் தொடங்கும். அன்றியும், துளையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு வெப்பம் கதிர்வீச்சாகத் தாவிச் செல்லும். துளை பெரிதானால் அதைத் தடுக்கும் சுவர்களின் எண்ணிக்கை குறையும். மாறாக, பொருளை இறுக்கி அமுக்கினால் இழையோடு இழை ஒட்டித் திண்பொருளின் வழியே வெப்பம் பாயும். ஆகவே மிகத் தளர்ச்சியும் ஆகாது. மிக இறுக்கமும் ஆகாது. இடையில் ஒரு நல்ல நிலை உண்டு. பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை மீண்டும் அடித்துப் போடுகிறவர் அந்நிலையைத்தான் கையால் தேடுகிறார்.

இந்த அறிவு கட்டடத் தொழிலுக்கும் வந்து சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப்பின் சுவீடன் நாட்டில் எரிபொருளையும் மரத்தையும் சிக்கனப்படுத்தும் தேவை எழுந்தது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆக்செல் எரிக்சன் 1920-களில் ஒரு புதுக் கல்லை உருவாக்கினார். சுண்ணாம்பும் அரைத்த பாறைத்தூளும் சேர்ந்த குழம்பில் அலுமினியத் தூளைச் சிறிது கலந்தார். அலுமினியம் காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட்டது; இட்டிலி மாவு பொங்குவதுபோல் குழம்பு பொங்கிற்று. பின் அதை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து இறுகச் செய்தார். பெரும்பகுதி துளையாலான இக்கல் நீரில் மிதக்கும். சாதாரணக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதளவு வெப்பத்தையே கடத்தும். இன்று நம் ஊர்களில் புதிய அடுக்குமாடிக் கட்டடங்களின் சுவர்களுக்கு அடுக்கப்படும் வெண்சாம்பல் நிறக் கல் இந்த மரபில் வந்ததே.

துளையின் சிறுமைக்கு எல்லை உண்டா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் ஒரு வியப்பு நமக்காகக் காத்திருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வெப்பத்தைக் கைமாற்றுகின்றன. சாதாரண அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஓடும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரைப் பதினையாயிரம் கூறிட்டால் ஒரு கூறு அளவில் இருக்கும். துளை அதைவிடவும் சிறியதாகிவிட்டால் என்ன ஆகும்? மூலக்கூறு தன் துணையோடு மோதுமுன் சுவரில் மோதித் திரும்பும். வெப்பத்தைக் கைமாற்றும் சங்கிலி அறுபடும். அப்போது துளைக்குள் அடைபட்ட காற்று, வெளியிலுள்ள அசையாத காற்றைவிடவும் குறைவாகக் கடத்தும்.

இத்தகைய பொருளை முதலில் உருவாக்கியவர் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்ட்லர். 1931-ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவால் ஒரு கூழ்மத்தைச் செய்து, அதிலுள்ள திரவத்தை நீக்கிவிட்டுக் காற்றை நிரப்பவேண்டும் என்பது அவர் நோக்கம். சாதாரணமாக உலர்த்தினால், திரவம் வெளியேறும்போது அதன் பரப்பிழுவிசை நுண்ணிய சுவர்களை இழுத்து நொறுக்கிவிடும். கூழ்மம் சுருங்கிப் போகும். கிஸ்ட்லர் உயர் அழுத்தத்தில் திரவத்தைச் சூடாக்கி, திரவம் என்றும் வாயு என்றும் வேறுபாடு மறையும் நிலைக்குக் கொண்டுசென்றார். அந்நிலையில் பரப்பு என்பதே இல்லை, இழுவிசையும் இல்லை. மெல்ல வாயுவை வெளியேற்றினார். சட்டம் அப்படியே நின்றது. ஏரோஜெல் என வழங்கும் அப்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் துளையே. திண்மக் கண்ணாடி காற்றைப்போல் நாற்பது மடங்கு கடத்த, அதே சிலிக்காவால் ஆன இப்பொருள் அசையாத காற்றைவிடக் குறைவாகக் கடத்துகிறது. 1997-ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளில் இறங்கி ஓடிய 'சோஜர்னர்' என்னும் சிறு வண்டியின் கருவிகளை அங்குள்ள கடுங்குளிரிலிருந்து காத்தது இதுவே.

செவ்வாயில் நின்ற அப்பெட்டியும் எங்கள் ஊர் மரப்பெட்டியும் செய்த வேலை ஒன்றுதான். ஒன்று வெப்பத்தை வெளியே விடாமல் காத்தது. மற்றொன்று உள்ளே விடாமல் காத்தது. போர்வை சூட்டைத் தருவதும் இல்லை. குளிரைத் தருவதும் இல்லை. இருபுறமும் உள்ள வெப்பம் கலந்துவிடாமல் காலத்தைத் தாழ்த்துகிறது, அவ்வளவே. பனிக்கட்டி என்றேனும் உருகத்தான் போகிறது. நான்கு மாதத்தில் முழுவதும் உருகுமா, பாதி உருகுமா என்பதுதான் டியூடரின் வாழ்வும் தாழ்வுமாக இருந்தது. இன்று தொலைவிலுள்ள சிற்றூருக்குக் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தைச் சுமந்து செல்லும் செவிலியரின் கைப்பெட்டியிலும் அதே கணக்குத்தான். பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரைப்பொருளின் துளைகள் அந்த மருந்து கெடாமல் சில மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. கோடையில் தகிக்கும் கான்கிரீட் கூரையின்கீழ் உறங்கமுடியாமல் புரளும் ஏழைக்கும், மின்விசிறியும் குளிர்சாதனமும் மட்டுமே விடையல்ல. கூரைக்குமேல் உலர்ந்த, துளைகள் நிறைந்த ஓர் அடுக்கு இருந்தாலே வெப்பம் பெரிதும் தாழ்ந்து வரும். கீற்றுக் கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள் இதனை உடலால் உணர்ந்திருந்தார்கள்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு சிறு தம்ளர்களில் ஒரே அளவான பனிக்கட்டித் துண்டுகளை இட்டு மூடுங்கள். ஒன்றைச் சுற்றி உலர்ந்த பஞ்சை வையுங்கள். மற்றொன்றைச் சுற்றி அதே அளவு பஞ்சை அறையிலுள்ள தண்ணீரில் நன்றாக நனைத்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, எது எப்போது உருகி முடிகிறது என்று எழுதிவையுங்கள். பஞ்சைத் தளர்த்தியும் அமுக்கியும் மீண்டும் செய்து பாருங்கள். ரம்போர்டு செய்ததும் ஏறக்குறைய இவ்வளவே. உங்கள் முடிவு பிழையாக இருக்கலாம். அவருடையதும் ஓரிடத்தில் பிழையாயிற்று. ஆனால் நேரத்தைச் சரியாகக் குறித்து வையுங்கள். நான் அன்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுமுன் இவ்வாறு சிறிதாகச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோடாக் கடைக்காரருக்கு ஒரு நாள் வருமானம் மிஞ்சியிருக்கும்.